நட்டவர் பெயர் கல்வெட்டில். காத்தவர் பெயர் எங்கே?

"அசோகர் சாலையின் இருமருங்கிலும் மரங்களை நட்டார்." தொடக்கப்பள்ளியில் வரலாறு படித்த தமிழர் எவரும் இந்த வாக்கியத்தை மறந்திருக்க முடியாது. அசோகர் எந்தப் போரில் வென்றார், எத்தனை ஆண்டுகள் ஆண்டார் என்பதெல்லாம் மறந்துபோயிருக்கலாம். மரம் நட்ட செய்தி மட்டும் மனத்தில் வேர்விட்டு நிற்கும்.

ஆனால் ஒரு கேள்வியை எந்த ஆசிரியரும் கேட்டதில்லை, எந்த மாணவரும் கேட்டதில்லை. மரத்தை நட்டது அசோகர். அதற்குத் தண்ணீர் ஊற்றியது யார்? ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டியது யார்? அடுப்புக்கு விறகு வேண்டுமென்று அரிவாளோடு வந்தவனைத் தடுத்து நிறுத்தியது யார்? நட்டவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. காத்தவர் பெயர் எங்கும் இல்லை.

சிங்கப்பூரின் மரங்களுக்கும் இதே கதைதான். "பூங்கா நகரம்" என்று உலகம் பாராட்டும்போது, மண்வெட்டியோடு நிற்கும் தலைவர்களின் படங்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே. ஆனால் ஒரு மரக்கன்று நிழல்தரும் மரமாக இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அதைக் காத்தவர்கள் யார், காக்கத் தவறியபோது நடந்தது என்ன என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நகரத்தின் பசுமை வரலாறு முழுமை பெறும்.

காடு கரைந்த தீவு

1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இந்தத் தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடு. அடுத்த அறுபது ஆண்டுகளில் அந்தக் காடு கரைந்துபோனது. கரைத்தது துறைமுகமோ கட்டடங்களோ அல்ல. தோல் பதனிடவும், வெற்றிலையோடு சேர்த்து மெல்லவும் பயன்பட்ட காசுக்கட்டிதான் அதற்கு முக்கியக் காரணம்.

மலாய்க்காரர்கள் கம்பீர் என்று அழைத்த அந்தச் செடியின் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் இட்டுக் காய்ச்ச வேண்டும். காய்ச்சுவதற்கு மலைமலையாக விறகு வேண்டும். தோட்டம் போடக் காட்டை அழித்தார்கள். தோட்டத்து அடுப்பை எரிக்க மேலும் காட்டை அழித்தார்கள். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண்ணின் சத்து தீர்ந்ததும் அந்த இடத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் மண்டியது.

1883ஆம் ஆண்டில் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் கேன்ட்லி காடுகளின் நிலைமையை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். தீவின் பரப்பில் ஏறக்குறைய 7 விழுக்காடுதான் காடாக எஞ்சியிருந்தது. அதன் பிறகே காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. இன்று புக்கிட் தீமா மலையில் ஏறுபவர்கள் காணும் பழைய காடு, அப்போது ஒதுக்கப்பட்டதால் தப்பியது. ஓர் அறிக்கையின் பயன் எத்தனை தலைமுறைக்கு நீள்கிறது, பாருங்கள்!

கடனில் மூழ்கிய சங்கம்

அந்தத் தாவரத் தோட்டத்தைப் பழைய சிங்கப்பூர்த் தமிழர்கள் "பூமலை" என்று அழைத்தார்கள். இன்றும் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. ஆனால் பூமலையைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

1859ஆம் ஆண்டில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று அதைத் தொடங்கியது. உறுப்பினர்களின் சந்தாவை நம்பி நடந்த சங்கம் அது. வாம்போ என்று ஊரறிந்த சீன வணிகர் ஹூ ஆ கேயிடமிருந்து நிலமாற்று முறையில் தங்ளின் பகுதி நிலம் கிடைத்தது. லாரன்ஸ் நிவன் என்பவர் பொறுப்பேற்றுப் பாதைகளையும் புல்வெளிகளையும் அமைத்தார். மலர்க் கண்காட்சி நடந்தது, இசை நிகழ்ச்சி நடந்தது.

தொடங்கிய உற்சாகத்தில் குறையில்லை. தோட்டத்தை நடத்தும் செலவுதான் சங்கத்தின் கழுத்தை நெரித்தது. கடன் ஏறியது. 1870களின் நடுவில் தோட்டத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நடுவதற்குத் தேவை ஒரு நாள் ஊக்கம். காப்பதற்குத் தேவை ஆண்டுதோறும் பணம், ஆள், அக்கறை. அந்தப் பசுமைச் சங்கம் கற்ற பாடம் இது.

அந்தச் சங்கம் தோற்றது என்று சொல்லிவிட முடியுமா? அன்று அவர்கள் வளைத்துப் போட்ட நிலத்தில்தான் பின்னாளில் ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து மலாயாவின் பொருளாதாரத்தையே மாற்றின. அதே தோட்டத்தை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக ஏற்றது. அங்கு நிற்கும் தெம்புசு மரம் ஒன்று ஐந்து வெள்ளி நோட்டில் இடம்பெற்றிருக்கிறது. தரையைத் தொட்டு நீண்ட அதன் கிளை, பல தலைமுறைகளாகக் குழந்தைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட கிளை. அந்த மரம் தோட்டத்தைவிட மூத்தது என்று கருதப்படுகிறது.

மரத்தடியில் முளைத்த கோயில்கள்

சட்டமும் சங்கமும் இல்லாமலே மரத்தைக் காத்த ஒரு வழி நம்மவர்களிடம் இருந்தது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தலவிருட்சம் என்று வைத்த மரபு அது. கடல்கடந்து வந்த தமிழர்கள் அந்த மரபையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

சிராங்கூன் சாலையில் இருக்கும் ஸ்ரீ வடபத்திர காளியம்மன் கோயிலின் பெயரைக் கவனியுங்கள். வடம் என்றால் ஆலமரம். பத்திரம் என்றால் இலை. 1830ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி ஆலமரத்தடியில் அம்மன் படத்தை வைத்து வழிபட்டதே அந்தக் கோயிலின் தொடக்கம் என்று கோயில் வரலாறு சொல்கிறது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் 1870ஆம் ஆண்டில் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கியதுதான். காத்தோங் வட்டாரத்தில் சிலோன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலோ மரத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. குளக்கரையில் செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை கிடைத்ததாகவும், அங்கேயே கோயில் எழுந்ததாகவும் அதன் வரலாறு கூறுகிறது.

படிப்பறிவு குறைந்த தொழிலாளர்கள்தாம் அன்றைய தமிழர்களில் பெரும்பான்மை. சாலை போட்டவர்கள், வடிகால் வெட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். அவர்கள் சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மரத்தடியில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் அந்த மரத்தின்மீது யாரும் கோடரி வைக்கத் துணியமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்பிக்கை வேலியாக நின்றது. வேலி என்பது கம்பியில் மட்டும் கட்டுவதல்ல அல்லவா?

மண்வெட்டி பிடித்த ஆண்டு

1963ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் கடும் வறட்சி. ஏப்ரல் மாதம் தொடங்கித் தண்ணீர்ப் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ் சாலைச் சந்திப்பில் ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அது மெம்பாட் மரம். பூக்கும் காலத்தில் இளஞ்சிவப்புப் பூக்களால் கிளை தெரியாமல் மூடிக்கொள்ளும். தண்ணீருக்கு வரிசை பிடித்து நின்ற மக்களிடம் மரம் நடச் சொல்வது எளிதான காரியமா? என்றாலும் இயக்கம் தொடங்கியது.

விடுதலைக்குப் பிறகு, 1967ஆம் ஆண்டு மே மாதம் "பூங்கா நகரம்" என்னும் இலக்கு அறிவிக்கப்பட்டது. வேலை தேடுவோர் ஒரு பக்கம், வீடில்லாதோர் மறுபக்கம் என்றிருந்த நாட்டுக்கு மரம் ஒரு கேடா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் சாலையோர மரங்களைக் கூட ஒழுங்காகப் பராமரிக்கத் தெரிந்த நாடு தொழிற்சாலையையும் ஒழுங்காக நடத்தும் என்று முதலீட்டாளர்கள் நம்புவார்கள். அதுதான் தலைவர்களின் கணக்கு. 1970ஆம் ஆண்டு முடிவதற்குள் 55,000க்கும் அதிகமான புதிய மரங்கள் நடப்பட்டுவிட்டன.

1971ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி முதல் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலை உச்சியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை நட்டார். அதே நாளில் பள்ளிகளிலும் சமூக நிலையங்களிலும் குடியிருப்புப் பேட்டைகளிலும் மாணவர்கள், அடித்தளத் தலைவர்கள், பெற்றோர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மண்ணில் கைவைத்தார்கள்.

நவம்பர் மாதத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. நட்ட கன்றுகளுக்கு ஆள்வைத்துத் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். நடுகிற நாளைக் குறிக்கும்போதே மறுநாள் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று யோசித்திருக்கிறார்கள். விழாவுக்கு நாள் பார்த்தவர்கள் மழையையும் பார்த்தார்கள்.

பெயர்த்துச் சென்ற மருத்துவர்

நட்டாயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? பெருமைப்படும்படியாக எதையும் செய்யவில்லை. லீ குவான் யூ தமது நினைவுக்குறிப்பு நூலில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். புல்லை மிதித்துக்கொண்டு நடந்தார்கள். பூச்செடிகளை நாசம் செய்தார்கள். இளமரங்களின்மீது மிதிவண்டியைச் சாய்த்து வைத்து அவற்றை முறித்தார்கள். கன்றுகளைத் திருடிச் சென்றார்கள். திருடியவர்கள் எல்லாம் ஏழைகளா என்றால் அதுவும் இல்லை. சாலை நடுவில் புதிதாக நட்டிருந்த ஊசியிலை மரம் ஒன்றைத் தம் வீட்டுத் தோட்டத்துக்காகப் பெயர்த்தெடுத்து மாட்டிக்கொண்டவர் ஒரு மருத்துவர்!

இதற்குத் தண்டனை மட்டும் மருந்தாகாது என்று புரிந்துகொண்டு பிள்ளைகளிடம் போனார்கள். பள்ளிக்கூடங்களில் மாணவர்களை மரம் நடச் செய்து, நட்ட மரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுத்தார்கள். தன் கையால் தண்ணீர் ஊற்றிய பிள்ளை, கிளையை ஒடிக்கும் அப்பாவைப் பார்த்துச் சும்மா இருக்குமா? பெற்றோருக்குப் பிள்ளைகளே ஆசிரியர்கள் ஆனார்கள்.

1975ஆம் ஆண்டில் பூங்காக்கள், மரங்கள் சட்டம் வந்தது. சாலை போடுபவரும் கட்டடம் கட்டுபவரும் மரத்துக்கென இடம்விட வேண்டும் என்ற நிலை உருவானது. வாகன நிறுத்துமிடங்களில் துளையிட்ட பாளங்களைப் பதித்தார்கள். மழைநீர் அந்தத் துளை வழியே வேருக்குப் போயிற்று. 1974ஆம் ஆண்டில் ஏறத்தாழ 158,600 ஆக இருந்த மரங்களின் எண்ணிக்கை, 2014ஆம் ஆண்டில் 1.4 மில்லியனை எட்டியது. முதல் கன்றை நட்ட லீ குவான் யூ, அந்த 2014ஆம் ஆண்டு வரை ஆண்டுதோறும் மரம் நட்டுவந்தார். மறுஆண்டு அவர் மறைந்தார்.

எண்ணிக்கைக்குப் பின்னால் எண்ணப்படாதவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வண்டியோடு விடியற்காலையில் சாலைக்கு வந்தவர்கள், கிளை வெட்டியவர்கள், களை பறித்தவர்கள். பொதுப்பணித் துறையிலும் பின்னர் பூங்காத் துறையிலும் நாள்கூலிக்கு வேலை செய்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். தாத்தா நட்ட மரத்தின் நிழலில் காரை நிறுத்தும் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கக்கூடும். அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

வேங்கையின் உறவுக்காரன்

மரம் என்றால் எந்த மரம்? இங்கேயும் ஒரு பாடம் உண்டு.

நம் சங்க இலக்கியம் பேசும் வேங்கை மரத்துக்கு இங்கே ஒரு நெருங்கிய உறவுக்காரன் இருக்கிறான். அங்சானா என்பது அவன் பெயர். அதே மஞ்சள் பூ. பூத்து உதிர்ந்தால் நடைபாதையில் மஞ்சள் கம்பளம் விரித்தது போலிருக்கும். பிரிட்டிஷார் காலத்துச் சாலைகளில் அங்சானா வரிசையாக நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வாடல் நோய் வந்து அந்த மரங்கள் நூற்றுக்கணக்கில் பட்டுப்போயின.

1960களின் இறுதியில் பசுமை அவசரமாகத் தேவைப்பட்டபோது அங்சானா மீண்டும் வந்தது. காரணம், அதன் பருத்த கிளையை வெட்டி நட்டாலே வேர்பிடித்துவிடும். சில ஆண்டுகளில் நிழல் கிடைக்கும். "உடனடி மரம்" என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ஆனால் 1980களில் பழைய நோய் திரும்பி வந்தது. ஒரு வகைப் பூஞ்சை மரத்தின் உள்ளே நீர் ஏறும் பாதையை அடைப்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நோயை எதிர்க்கக்கூடிய மரங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பலவகை மரங்களைக் கலந்து நடும் வழக்கமும் வலுப்பெற்றது.

நெடுஞ்சாலைகளில் குடைபிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் இந்த மண்ணின் பிள்ளையல்ல. 1876ஆம் ஆண்டில் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மாலையானால் இலையை மடித்துக்கொள்வதால் தமிழர்கள் அதைத் தூங்குமூஞ்சி என்றார்கள். மலாய்க்காரர்கள் ஐந்து மணி மரம் என்றார்கள். வந்தேறி மரம் என்று அதை யாரும் ஒதுக்கவில்லை. வேர் விட்டது, நிழல் தந்தது, ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. வந்து குடியேறியவர்களால் உருவான நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் உண்டா?

மக்கள் வாய்திறந்தபோது

1980களுக்குப் பிறகு வரலாறு வேறு பக்கம் திரும்பியது. அதுவரை அரசாங்கம் நடச் சொன்னது, மக்கள் நட்டார்கள். இப்போது "வெட்டாதீர்கள்" என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

1986ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர்கள் சிலர் தீவின் வடமேற்கு மூலையில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டின் அருமையைக் கண்டார்கள். மேம்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் அது. வெறும் கோஷம் எழுப்பாமல், என்னென்ன பறவைகள் வருகின்றன, அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். 1989ஆம் ஆண்டில் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது; 1993ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டில் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டம் வந்தபோதும் இயற்கைச் சங்கத்தினர் காட்டின் மரங்களையும் உயிரினங்களையும் கணக்கெடுத்து விரிவான ஆய்வறிக்கை ஒன்றைத் தந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இந்த முயற்சிகளில் முன்னின்றவர்களில் ஒருவர் சுபராஜ் ராஜாதுரை. 2019ஆம் ஆண்டில் காலமான இந்த இயற்கை வழிகாட்டி, காட்டையே தம் பள்ளிக்கூடமாகக் கொண்டவர். சிங்கப்பூரின் பசுமை வரலாற்றில் தமிழர் பெயர் ஒன்றைத் தேடுபவர்கள் அவரை மறக்கலாகாது.

சாங்கியில் சாய்ந்த மரம்

வெற்றிகளை மட்டும் சொன்னால் வரலாறு பொய்யாகிவிடும்.

சாங்கி என்ற ஊர்ப்பெயரே செங்காய் என்னும் மரத்தின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. அந்தச் சாங்கியில், சிங்கப்பூரில் அழிந்தே போய்விட்டதாகக் கருதப்பட்ட செங்கால் பாசிர் வகை மரம் ஒன்று உயிரோடு நிற்பது 2002ஆம் ஆண்டில் தெரியவந்தது. வயது சுமார் 150 என்று மதிப்பிட்டார்கள். இயற்கை ஆர்வலர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் மாதம் அந்த மரம் அனுமதியின்றி வெட்டிச் சாய்க்கப்பட்டது. சாங்கியின் சில பகுதிகள் 1991ஆம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டவை. அங்கே ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது. சட்டம் இருந்தது, மரம் இல்லை. நிலத்தைப் பராமரித்து வந்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் 8,000 வெள்ளி அபராதம் விதித்தது. அரசாங்கத்துக்கு 76,000 வெள்ளிக்கும் மேல் இழப்பீடும் கொடுக்க வேண்டியதாயிற்று.

பணத்தைக் கட்டிவிடலாம். 150 ஆண்டுகளை எந்த வங்கியில் வாங்குவது?

இதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மரபுடைமை மரங்கள் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. இதன் சிறப்பு என்னவென்றால், எந்த மரத்தைக் காக்க வேண்டும் என்று பொதுமக்களே முன்மொழியலாம். பருத்த அடிமரம், வயது, அரிய வகை, ஊர் வரலாற்றோடு உள்ள தொடர்பு ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்த மரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். இடி தாங்கியும் பொருத்துகிறார்கள். இப்போது 250க்கும் அதிகமான மரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மண்டாய் ரோடு, லிம் சூ காங் ரோடு உள்ளிட்ட ஐந்து சாலைகளின் மரவரிசைகளும் மரபுடைமைச் சாலைகள் என்னும் பெயரில் காக்கப்படுகின்றன.

அன்று மரத்தடியில் விளக்கேற்றிய பெண்மணி செய்ததும், இன்று விண்ணப்பம் எழுதி அனுப்பும் குடியிருப்பாளர் செய்வதும் ஒன்றுதான். "இது சும்மா நிற்கும் மரமல்ல, இதற்குக் கேட்பார் உண்டு" என்று ஊருக்குச் சொல்வது.

காப்பது என்றால் பார்ப்பது

மரத்தைக் காப்பது என்றால் வெட்டாமல் விட்டுவிடுவது என்று பொருளல்ல. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பூமலையில் ஏறத்தாழ 270 ஆண்டு வயதான தெம்புசு மரபுடைமை மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஒரு பெண் உயிரிழந்தார். மேலும் சிலர் காயமடைந்தனர். ஊரே அதிர்ந்தது. முதிய மரம் முதியவரைப் போன்றது. மதிக்கவும் வேண்டும், மருத்துவரிடம் காட்டவும் வேண்டும். பயிற்சி பெற்ற மர வல்லுநர்கள் வேரையும் தண்டையும் சோதித்துப் பார்ப்பது அலங்கார வேலையல்ல; உயிர் காக்கும் வேலை.

மரமா வீடா என்ற கேள்வியும் ஓயவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில், 33 ஹெக்டர் பரப்புள்ள டோவர் காட்டில் வீடுகள் கட்டும் திட்டம் குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, காட்டைக் காக்க வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்தது. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் வந்த முடிவு இருதரப்பையும் பார்த்தது. கிழக்குப் பாதியில் வீடுகள். மேற்குப் பாதி சுமார் பத்தாண்டுகளுக்குத் தொடப்படாது. வீடு தேடும் இளம் தம்பதியருக்கும் நியாயம் உண்டு. காட்டுக்கும் நியாயம் உண்டு. சிறிய தீவில் இரண்டு நியாயங்களும் ஒரே நிலத்தில்தான் நிற்கின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேசியப் பூங்காக் கழகம் பத்தாண்டுகளில் மேலும் ஒரு மில்லியன் மரங்கள் நடும் இயக்கத்தை அறிவித்தது. பள்ளி மாணவர்கள், குடும்பங்கள், நிறுவன ஊழியர்கள், தொண்டூழியர்கள் எனப் பலரும் நடுகிறார்கள். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகத் தோட்டங்கள் இயக்கத்தால் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தையொட்டிக் கறிவேப்பிலையும் முருங்கையும் பாண்டானும் ஒன்றாக வளர்கின்றன. ஒரே தோட்டத்தில் மூன்று மொழிகளில் பேச்சு நடக்கிறது.

ஒரு மில்லியன் என்பது பெரிய எண். ஆனால் அது நடும் நாளின் எண். 2050ஆம் ஆண்டில் அவற்றில் எத்தனை நிழல் தந்துகொண்டிருக்கும் என்பதே வரலாறு கேட்கப்போகும் எண். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கடனும், மருத்துவர் பெயர்த்த கன்றும், பட்டுப்போன அங்சானாவும், சாங்கியில் விழுந்த மரமும் திரும்பத் திரும்ப அந்த ஒன்றையே சொல்கின்றன.

காப்பதற்கு எங்கிருந்து தொடங்குவது? மண்வெட்டி வேண்டாம், மேடை வேண்டாம். அன்றாடம் பேருந்துக்குக் காத்திருக்கும்போது தலைக்குமேல் நிழல் தரும் மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்கலாம். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மரங்களைப் பெயரோடும் இடத்தோடும் காட்டும் இணைய வரைபடம் 2018ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். பெயர் தெரியாத மரம் சாய்ந்தால் விறகு. பெயர் தெரிந்த மரம் சாய்ந்தால் இழப்பு.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படிக்கும்போது, அசோகர் மரம் நட்டார் என்ற வரியில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். "தண்ணீர் ஊற்றியது யார்?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாது. கீழே அழைத்துப்போய் ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். விடை தானே கிடைத்துவிடும்.